தேடாதவர்களின் சேனல்

இளைஞர்கள் இணையத்துக்குப் போய்விட்டார்கள், அவர்களுக்கான தொலைக்காட்சியும் அங்கேயே போகட்டும். கேட்ட மாத்திரத்தில் தலையாட்ட வைக்கும் வாதம் இது. 2014 மார்ச்சில், அப்போது பிபிசியின் தலைமை இயக்குநராக இருந்த டோனி ஹால் இதைச் சொல்லித்தான் பிபிசி த்ரீ என்ற இளைஞர் சேனலை ஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டு, ஐபிளேயர் என்ற தன் இணையச் சேவையில் மட்டும் வைக்கப்போவதாக அறிவித்தார். தன் வரலாற்றில் ஒரு தொலைக்காட்சி சேனலை மூடுவதற்கு பிபிசி முன்வந்தது அதுவே முதல் முறை. 2016 பிப்ரவரி 16 அன்று சேனல் நின்றது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2022 பிப்ரவரி 1 மாலை ஏழு மணிக்கு, அதே பெயரில் மறுபடி வீடுகளுக்கு வந்தது.

மூடிய சேனலைத் திரும்பத் திறப்பது அபூர்வம். அதுவும் எல்லோரும் ஒரே திசையில், இணையத்தை நோக்கி, ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெரிய பொது நிறுவனம் நின்று, திரும்பி, வந்த வழியே நடந்தது. ஏன் போனார்கள் என்பதற்கு நிறைய விளக்கங்கள் உண்டு. ஏன் திரும்பினார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை.

முதலில் போன கதை. ஹால் தந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 16 முதல் 24 வயதுக்காரர்கள் பார்ப்பதில் 25 சதவீதம் மற்ற திரைகளிலோ பின்னர் பார்க்கும் வசதியிலோ நடக்கிறது, சில ஆண்டுகளில் அது 40 சதவீதமாகும் என்றார். அப்படியானால் மீதி முக்கால் பங்கு அன்றைக்கு நேரடி ஒளிபரப்பில் இருந்தது. அவரும் அதை மறைக்கவில்லை. பிறகு என்ன அவசரம்? பணம். 2010இல் பிரிட்டிஷ் அரசு, பிபிசிக்காக வீடுகள் கட்டும் உரிமக் கட்டணத்தை ஆண்டுக்கு 145.50 பவுண்டில் நிறுத்திவைத்தது. உலக சேவையின் செலவையும், வெல்ஷ் மொழிச் சேனலான எஸ்4சியின் பெரும்பகுதிச் செலவையும் பிபிசியின் தலையில் ஏற்றியது. எங்கேயாவது வெட்டியாக வேண்டும். பிபிசி த்ரீயை ஒளிபரப்பிலிருந்து எடுத்தால் ஆண்டுக்கு ஐந்து கோடி பவுண்டு மிச்சம் என்று கணக்கு வந்தது. அதில் மூன்று கோடியை பிபிசி ஒன்னின் நாடகங்களுக்குக் கொடுப்பது என்றும் முடிவாயிற்று. நடுவயதைக் கடந்தவர்கள் அதிகம் பார்க்கும் மூத்த சேனலுக்கு இளைய சேனலின் பங்கு போனது. நெருக்கடி இல்லாவிட்டால் இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருப்போம் என்று பிபிசியின் தொலைக்காட்சிப் பிரிவு இயக்குநர் டேனி கோஹெனே சொன்னார். அவர் முன்பு இதே பிபிசி த்ரீயை நடத்தியவர். செலவைக் குறைப்பதில் குற்றம் காண நான் வரவில்லை. எந்தப் பொது நிறுவனத்துக்கும் அந்த நாள் வரும். ஆனால் வெட்டு விழும்போது, கூட்டம் போட்டு எதிர்க்கத் தெரியாதவர்கள்மேல் முதலில் விழுகிறது. பிபிசியின் ரேடியோ 4 வானொலியைக் கேட்கும் மூத்த நேயர்கள் மீது இப்படிக் கை வைத்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

பிபிசி த்ரீ 2003 பிப்ரவரியில் தொடங்கியது. பகலில் அது இருக்காது. அந்த அலைக்கற்றை ஏழு மணிவரை சிபிபிசி என்ற சிறுவர் சேனலுடையது. சிறுவர்கள் விடைபெற்றதும் அதே இடத்தில் பெரியவர்களாகிக்கொண்டிருப்பவர்களின் சேனல் ஆரம்பித்து விடிகாலை வரை ஓடும். இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் ஒரு தலைமுறை வளர்வதற்கு இவ்வளவு பொருத்தமான நிகழ்ச்சி நிரலை யாரும் யோசித்துச் செய்திருக்க முடியாது. ஒரு மணிக்கு ஒருமுறை அறுபது நொடியில் செய்தி சொல்வார்கள். செய்தி பார்ப்பதற்கென்று உட்காராத ஒருவருக்கும் அன்றைக்கு உலகத்தில் என்ன நடந்தது என்று காதில் விழுந்துவிடும்.

அந்தச் சேனலில் எல்லாம் தரமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பழைய நிகழ்ச்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அமெரிக்காவின் ஃபேமிலி கை கார்ட்டூன் தொடரை வைத்து இரவுகளை நிரப்பினார்கள். வானொலியிலிருந்து அங்கே வந்து பெரும்புகழ் பெற்ற லிட்டில் பிரிட்டனில் பல காட்சிகளை இன்று பார்க்கக் கூசுகிறது. 2020இல் ஐபிளேயரிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த நெரிசலுக்கு நடுவில்தான் ஜேம்ஸ் கார்டனும் ரூத் ஜோன்ஸும் எழுதிய கேவின் அண்ட் ஸ்டேசி 2007 மே மாதம் வந்தது. எசெக்ஸின் பில்லரிகே ஊர்ப் பையனும் வேல்ஸின் பேரி ஊர்ப் பெண்ணும் தொலைபேசியில் பழகி, நேரில் சந்தித்து, இரண்டு குடும்பங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கல்யாணம் செய்துகொள்ளும் கதை. பெரிய திருப்பம் எதுவும் கிடையாது. பேரி தீவின் கடற்கரையும் வறுவல் கடையும் கூட்டமான வரவேற்பறைகளும்தான். கார்டனுக்கு அப்போது முப்பது வயது ஆகவில்லை. பெரிய சேனல் எதிலும் இந்தக் கதையை முதல் நாளே பிரதான நேரத்தில் போட்டிருக்க மாட்டார்கள். சின்ன சேனலில் சிறிய கூட்டத்தோடு ஆரம்பித்து, வாய்வழியாகப் பரவி, மூன்றாவது தொடரில் பிபிசி ஒன்னுக்குப் போனது. 2019 கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியையும், 2024 கிறிஸ்துமஸ் அன்று வந்த நிறைவுப் பகுதியையும் தலா ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். பதினேழு ஆண்டுகளில் ஒரு நாட்டின் பொது நினைவாகவே ஆகிவிட்ட கதை, தோற்றாலும் பெரிய நஷ்டமில்லாத ஓர் இடத்தில் பிறந்தது.

ஸ்டேசி டூலியின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. லூட்டன் விமான நிலையக் கடையில் வாசனைத் திரவியம் விற்றுக்கொண்டிருந்த பெண். 2008இல் ப்ளட், ஸ்வெட் அண்ட் டீ-ஷர்ட்ஸ் என்ற தொடருக்காக, மலிவு உடைகளை வாங்கிக் குவிக்கும் ஆறு இளைஞர்களை இந்தியாவுக்கு அழைத்துவந்து, அந்த உடைகளைத் தைக்கும் இடங்களில் வேலை செய்யவைத்தார்கள். அந்த ஆறு பேரில் அவரும் ஒருவர். கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், எங்கே படுத்துறங்குகிறார்கள் என்றெல்லாம் அவர் கேட்ட கேள்விகளில் படித்த பாவனை இல்லை. பார்த்ததில் கலங்கிப்போன ஒருத்தி கேட்கும் கேள்விகள். திருப்பூரின் பிழைப்பைத் தெரிந்த நமக்கு அந்தக் கேள்விகளின் கனம் புரியும். அதன் பிறகு சேனல் அவரையே தொகுப்பாளராக்கி நாடுநாடாக அனுப்பியது. ஆவணப்படம் என்றாலே அடுத்த சேனலுக்குப் போகிற வயதினர், தங்களைப் போலவே பேசும் ஒருத்தி என்பதற்காக உட்கார்ந்து பார்த்தார்கள். 2011இல் அதே சேனலில் ‘அவர் வார்’ (நம் போர்) வந்தது. ஆப்கானிஸ்தானில் சண்டையிட்ட பிரிட்டிஷ் வீரர்கள் தலைக்கவசத்தில் மாட்டியிருந்த கேமராக்களில் பதிவானவற்றைக் கொண்டு செய்த தொடர். பாஃப்டா விருது பெற்றது. போருக்குப் போனவர்களில் பலர் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். அதே வயதினர் தங்கள் படுக்கையறைகளிலிருந்து அதைப் பார்த்தார்கள்.

இவற்றைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் தேடிப்போய்ப் பார்த்திருப்பார்கள்? ஆப்கானிஸ்தான் போர் பற்றி ஓர் ஆவணப்படம் பார்க்க வேண்டும் என்று எண்ணி எழுத்துகளைத் தட்டும் பதினெட்டு வயதுக்காரர் உண்டு. அவருக்கு எந்தத் தளத்திலும் அது கிடைத்துவிடும். நான் நினைப்பது மற்றவரை. கிரிம்ஸ்பி மாதிரி ஓர் ஊரில் வேலை முடித்து வந்து, ஒரு குறிக்கோளும் இல்லாமல் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருப்பவரை. கார்ட்டூனுக்காக நின்றவர், அது முடிந்ததும் எழுந்துபோகச் சோம்பி அடுத்ததையும் பார்த்துவிடுகிறார். நிகழ்ச்சி நிரல் போடுகிறவர்களின் தொழில் ரகசியமே அதில்தான் இருந்தது. எல்லோருக்கும் பிடித்ததற்குப் பின்னால் யாருக்கும் தெரியாததை வைப்பார்கள். முன்னதற்கு வந்த கூட்டத்தில் ஒரு பகுதி பின்னதற்கும் தங்கும். இப்படித் தங்கியவர்களுக்குத் தங்கள் விருப்பம் என்னவென்று பார்த்த பிறகே தெரிந்தது. பொதுப்பணத்தில் நடக்கும் ஒளிபரப்பின் ஆகச் சிறந்த வேலை இதுவென்று நான் நம்புகிறேன். கேட்டதைக் கொடுக்க வியாபாரிகள் போதும்.

மூடும் முடிவை எதிர்த்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். நடிகர்களும் எழுத்தாளர்களும் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஹாட் ட்ரிக், அவலான் என்ற இரண்டு தயாரிப்பு நிறுவனங்களின் தலைவர்கள் சேனலையே விலைக்குக் கேட்டார்கள். விற்பனைக்கில்லை என்று பிபிசி மறுத்தது. 2015 நவம்பரில், பிபிசியை அப்போது மேற்பார்வையிட்ட பிபிசி அறக்கட்டளை இறுதி அனுமதி கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு: பிபிசி த்ரீயின் முழுநீள நிகழ்ச்சிகளை பிபிசி ஒன்னிலும் டூவிலும் ஏதாவது ஒரு நேரத்தில் ஒளிபரப்ப வேண்டும். அந்த நிபந்தனையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிகழ்ச்சிகளுக்கான பணம் சுமார் எட்டரைக் கோடி பவுண்டிலிருந்து மூன்று கோடிக்கு வந்தது. அதில் எண்பது சதவீதம் முழுநீள நிகழ்ச்சிகளுக்கு, இருபது சதவீதம் குறும்படம், கட்டுரை போன்ற புதிய வடிவங்களுக்கு. அப்படியிருந்தும் அடுத்து வந்த வருடங்களில் செய்த வேலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 2016 கோடையில் ஃபீபி வாலர்-பிரிட்ஜின் ஃப்ளீபேக். 2017இல் அக்காவும் தம்பியுமான டெய்சி மே கூப்பரும் சார்லி கூப்பரும் எழுதி நடித்த திஸ் கன்ட்ரி. கல்யாண வற்புறுத்தலையும் குடும்ப மானத்தின் பெயரிலான கொலையையும் பற்றிய மர்டர்ட் பை மை ஃபாதர். 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவே, சாலி ரூனியின் நாவலிலிருந்து நார்மல் பீப்பிள். பன்னிரண்டு பகுதிகளையும் ஒரே நாளில் வைத்தார்கள். 2017இல் ராயல் டெலிவிஷன் சொசைட்டி ஆண்டின் சிறந்த சேனல் என்ற விருதை, ஒளிபரப்பே இல்லாத பிபிசி த்ரீக்குக் கொடுத்தது.

என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சாட்சியம் இது. நான் அதை ஒதுக்கப் பார்க்கவில்லை. இரவு முழுக்க எதையாவது போட்டு நிரப்பும் கட்டாயம் போனதும், கையிலிருந்த கொஞ்சப் பணத்தைச் சில நல்ல விஷயங்களில் குவிக்க முடிந்தது. அரை மணி, ஒரு மணி என்ற அளவுக்குள் கதையை அடைக்க வேண்டியதில்லை. படைப்பாளிகளின் பக்கம் நின்று பார்த்தால் அந்த ஆறு ஆண்டுகள் ஒரு பொற்காலம்.

ஆனால் அந்தப் படைப்புகள் மக்களிடம் போன வழியைக் கவனிக்க வேண்டும். ஃப்ளீபேக் இணையத்தில் வந்த சில வாரங்களில் பிபிசி டூவில் ஒளிபரப்பானது. இரண்டாவது தொடர் 2019 மார்ச்சில் பிபிசி ஒன்னில் வந்தது. அந்த ஆண்டு ஆறு எம்மி விருதுகளைப் பெற்றபோது அது நாடறிந்த தொடராகிவிட்டிருந்தது. நார்மல் பீப்பிளும் பிபிசி ஒன்னில் வாரந்தோறும் வந்தது. அறக்கட்டளையின் நிபந்தனைதான் இந்தப் பாதையைத் திறந்து வைத்திருந்தது. இணையத்துக்கு மட்டுமே என்று அறிவித்த சேனல், தான் விட்டுவந்த சாலையிலேயே மறுபடி ஏறித்தான் கூட்டத்தைச் சந்தித்தது. ஒரு வித்தியாசம்: பிபிசி ஒன்னிலும் டூவிலும் அதைப் பார்த்தவர்களில் அந்தச் சேனல்களின் வழக்கமான, வயதில் மூத்த நேயர்களும் ஏராளம். யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களில் தேடத் தெரிந்தவர்கள் ஐபிளேயரில் பார்த்தார்கள்.

திஸ் கன்ட்ரியை நினைக்கும்போது எனக்கு இது உறுத்துகிறது. காட்ஸ்வல்ட்ஸ் பகுதியின் ஒரு கிராமத்தில் வேலையும் பேருந்தும் போக்கிடமும் இல்லாமல், நாளைக் கடத்துவதையே பிழைப்பாகக் கொண்ட இரண்டு இளைஞர்களின் கதை அது. எழுதியவர்களே அங்கே வறுமையில் வளர்ந்தவர்கள். சுற்றுலாப் பயணிகள் புகைப்படம் எடுக்கும் அழகான கல்வீடுகளுக்குப் பின்னால் இப்படி ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று பரிவோடும் சிரிப்போடும் சொன்ன தொடர். இணைய வேகம் நகரத்துக்கு ஈடில்லாத கிராமங்களில் அப்படிப்பட்டவர்கள் வாழ்ந்துகொண்டிருந்தபோது, அவர்களைப் பற்றிய கதையை இணையத்தில் முதலில் வைத்தார்கள்.

வாசலும் குறுகிக்கொண்டே போனது. 2016 செப்டம்பர் 1 முதல் ஐபிளேயரில் எதைப் பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்று சட்டம் மாறியது. அடுத்த ஆண்டு கணக்கு தொடங்கி உள்ளே வரவேண்டும் என்றார்கள். மின்னஞ்சல், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு. இவை பெரிய தடைகள் அல்லதான். பிபிசியை ஏற்கெனவே தன்னுடையது என்று நினைப்பவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். அது தனக்கானது அல்ல, லண்டன்காரர்களுடையது, படித்தவர்களுடையது என்று நினைத்து வளர்ந்த ஒருவருக்கு அந்த இரண்டு நிமிடம் எதற்காக? பக்கத்திலேயே யூடியூப் எதுவும் கேட்காமல் திறந்து கிடக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் பிபிசி த்ரீ இருந்த காலத்தில் அவர் இந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கவில்லை. ரிமோட்டில் அடுத்த எண்ணை அழுத்தியதும் அங்கே யாரோ அவருடைய உச்சரிப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

16 முதல் 24 வயதினரில் பாதிக்கும் குறைவானவர்களே ஒரு வாரத்தில் பிபிசி தொலைக்காட்சியைப் பார்க்கிறார்கள் என்று 2019இல் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் எச்சரித்தது. இதற்கு பிபிசி த்ரீயை மூடியதே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. நெட்ஃபிளிக்ஸ் 2012இலேயே பிரிட்டனுக்கு வந்துவிட்டது, கைப்பேசி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. ஆனால் வெள்ளம் வரும்போது இருந்த படகுகளில் ஒன்றை பிபிசியே கரையேற்றிவிட்டது என்பதும் உண்மை.

2021 மார்ச்சில் திரும்பக் கொண்டுவரும் முடிவை அறிவித்தபோது பிபிசி சொன்ன காரணம், நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருப்பதுதான். லண்டனுக்கும் தென்கிழக்குக்கும் வெளியே, வருமானம் குறைந்த வீடுகளில், இன்னமும் நேரடி ஒளிபரப்பைப் பார்க்கும் இளைஞர்கள் கணிசமாக இருக்கிறார்கள், அவர்களைத் தாங்கள் சென்றடையவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். இளைஞர்கள் என்று ஒரே பெயரில் அழைத்தவர்களுக்குள் இரண்டு கூட்டம் இருந்தது. மடிக்கணினியும் வேகமான இணையமும் கொண்ட மாணவர்களைப் பார்த்து 2014இல் முடிவெடுத்தார்கள். அந்த முடிவின் செலவை மற்றவர்கள் ஏற்றார்கள். நிகழ்ச்சிகளுக்கான பணம் மறுபடி எட்டுக் கோடி பவுண்டுக்கு உயர்ந்தது. சிபிபிசி இடைக்காலத்தில் ஒன்பது மணிவரை நீண்டிருந்தது, அதைப் பழையபடி ஏழு மணிக்கு நிறுத்தினார்கள்.

இந்தத் திரும்புதலில் என் கவனத்தை அதிகம் ஈர்த்தது ஆஃப்காம் எடுத்துக்கொண்ட ஒரு சிறிய அக்கறை. சேனல் பட்டியலில் முதல் 24 எண்களுக்குள் பிபிசி த்ரீக்கு இடம் வேண்டும் என்று அது விதித்தது. இங்கிலாந்தில், ஆன்டெனா வழிச் சேனல்களைத் தரும் ஃப்ரீவியூ பெட்டிகளில் 23ஆம் எண் கிடைத்தது. எண்ணூறாவது இடத்தில் வைத்தாலும் அது ஒளிபரப்புதான், ஆனால் அங்கே யாருடைய விரலும் போகாது. ஒரு நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு உட்கார்ந்து, இளைஞர்களின் நிகழ்ச்சிகள் தற்செயலாகக் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று விதியாகவே எழுதியது. தற்செயலுக்கும் ஏற்பாடு தேவை என்பதை ஆறு வருட அனுபவம் கற்றுக்கொடுத்திருந்தது.

அந்த அனுபவம் எவ்வளவு காலம் நினைவில் நிற்கும்? சேனல் திரும்பிய நான்கே மாதத்தில், 2022 மே மாதம், அப்போதைய தலைமை இயக்குநர் டிம் டேவி இன்னொரு திட்டத்தை அறிவித்தார். சிபிபிசி, பிபிசி ஃபோர் இரண்டையும் வரும் ஆண்டுகளில் ஒளிபரப்பிலிருந்து நிறுத்துவது என்று. காரணம் இம்முறையும் உறைந்துபோன உரிமக் கட்டணம். அதே ஆண்டு ஆஃப்காம் வெளியிட்ட கணக்கில், 16 முதல் 24 வயதினர் ஒரு நாளைக்குச் சராசரியாக 53 நிமிடம் ஒளிபரப்புத் தொலைக்காட்சி பார்த்தார்கள். 65 வயதைக் கடந்தவர்கள் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக. ஹாலின் திசை தவறில்லை என்று இந்த எண்களைக் காட்டி ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். கோபுரங்களிலிருந்து வரும் ஒளிபரப்பு ஒருநாள் நிற்கும். பிரிட்டனில் 2034 வரைக்கும்தான் அதற்கு உறுதி இருக்கிறது. என் கவலை அலையைப் பற்றியது அல்ல. இன்னொருவர் யோசித்து நமக்கு முன்னால் வைக்கும் ஏற்பாடும், ஏழை வீட்டிலும் பணக்கார வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சி திறப்பதும், பழையதற்குப் பக்கத்தில் புதியது உட்காருவதும் இணையத்திலும் சாத்தியமே. யாராவது அதற்குப் பணம் ஒதுக்கி வேலை செய்ய வேண்டும். நாம் ஏற்கெனவே பார்த்ததைக் கணக்கிட்டு அதே மாதிரி இன்னொன்றை நீட்டும் பரிந்துரை இயந்திரம் அந்த வேலையைச் செய்யாது. ஸ்டேசி டூலியை அது ஆவணப்படம் பார்ப்பவர்களிடமே கொண்டுபோயிருக்கும்.

2024 ஏப்ரலில் பிபிசி, ஐடிவி, சேனல் 4, சேனல் 5 நான்கும் சேர்ந்து ஃப்ரீலி என்ற சேவையைத் தொடங்கின. ஆன்டெனா வேண்டாம், இணையம் வழியாகவே நேரடிச் சேனல்கள் வரும். அதற்குள் அவர்கள் முதலில் கட்டியது என்னவென்றால், எண்களும் நேரங்களும் கொண்ட பழைய நிகழ்ச்சிப் பட்டியல். பிபிசி த்ரீயும் அதில் உண்டு. ஆன்டெனாவுக்கு மாத வாடகை கிடையாது, ஃப்ரீலிக்கு பிராட்பேண்ட் வேண்டும். 2034க்குப் பிறகு அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாத வீடுகளுக்கு யார் கட்டுவது என்று பிரிட்டனில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.